குறைந்தது ஒரு குழந்தை

இரட்டைக் குழந்தைகள் என்றதும் தமிழ் மனத்தில் எழும் சித்திரங்கள் பெரும்பாலும் மங்கலமானவை, அல்லது வேடிக்கையானவை. ஒட்டிய வாழைப்பழத்தைக் கன்னிப்பெண்ணுக்குத் தரக்கூடாது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆள்மாறாட்டத்தை மட்டுமே நம்பி எடுக்கப்பட்ட இரட்டையர் திரைப்படங்கள் நம்மிடம் ஏராளம். இதிகாசங்களில் வரும் லவனும் குசனும், நகுலனும் சகாதேவனும் தமக்குள் பிணங்காதவர்கள். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் பெயர் தானாகவே நாவில் வந்து சேரும். ஒரே வயிற்றில், ஒரே காலத்தில், ஒரே ரத்தத்தில் வளர்ந்தவர்கள் என்ற எண்ணமே நமக்கு ஒருவிதப் பரவசத்தைத் தருகிறது.

ஒரே ரத்தம் என்பதை நாம் எப்போதும் உருவகமாகவே சொல்லி வந்திருக்கிறோம். 'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்ற பழமொழியும் அவ்வகையே. அந்த உருவகம் சொல்லுக்குச் சொல் மெய்யாகிவிட்டால் என்ன நேரும் என்பதை 2016ஆம் ஆண்டில் நாங்கள் அறிய நேர்ந்தது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுதுவதால் இக்கட்டுரை நெடுகிலும் 'நாங்கள்' என்றே வரும். உடலால் சுமந்தவர் எங்களுள் ஒருவரே என்பதை மறந்து இப்படி எழுதவில்லை. அந்த வாரங்களில் எடுத்த முடிவுகளில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல இன்று எங்களால் இயலவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கருவின் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். இரட்டையர் இரு வகையினர். தாயின் இரு சினைமுட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறப்பவர்கள் ஒரு வகை. அவர்கள் ஒரே நேரத்தில் வயிற்றில் இருக்க நேர்ந்த சாதாரண உடன்பிறப்புகள்தாம். ஆளுக்கொரு நஞ்சுக்கொடி, ஆளுக்கொரு பனிக்குடம். கருவுற்ற ஒரே முட்டை பிளந்து இருவராவது மற்றொரு வகை. உலகெங்கும் 1000 பிரசவங்களுக்கு 3 அல்லது 4 என்ற அளவில் இது நிகழ்கிறது. இதில் பிளவு எந்த நாளில் நேர்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. முதல் 3 நாட்களுக்குள் பிளந்தால் நஞ்சுக்கொடியும் இரண்டாகிவிடும். 4ஆம் நாள் முதல் 8ஆம் நாள் வரை என்றால் பனிக்குடங்கள் இரண்டு, நஞ்சுக்கொடி ஒன்று. அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றே. 13ஆம் நாளையும் தாண்டினால் உடல்களே ஒட்டிப் போகக்கூடும். ஒத்த இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நடுவில் சொன்ன வகை: தனித்தனி அறைகள், பொதுவில் ஒரே அடுக்களை. எங்கள் குழந்தைகளும் அவ்வகையினரே.

நஞ்சுக்கொடி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பின் அது வெளிவந்தாக வேண்டும், உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால்தான் நம் முன்னோர் அதை நஞ்சு என்றார்கள் போலும். கருவிலிருக்கும் குழந்தைக்கோ அதுவே நுரையீரல், அதுவே குடல், பெருமளவுக்கு அதுவே சிறுநீரகம். குழந்தையின் இதயம் ரத்தத்தைத் தொப்புள்கொடி வழியே அங்கே அனுப்புகிறது. அங்கே அது தாயின் ரத்தத்தோடு கலவாமல், மெல்லிய திரைக்கு இப்பாலிருந்தே உயிர்வளியையும் உணவையும் பெற்றுக்கொண்டு திரும்புகிறது. தாயும் சேயும்கூட ரத்தத்தைக் கலந்துகொள்வதில்லை. ஒரே நஞ்சுக்கொடியில் வளரும் இரட்டையர் கலந்துகொள்கிறார்கள்.

நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் இரு குழந்தைகளின் நாளங்களும் வேர்களைப் போலப் பரவுகின்றன. நடுவில் எங்கோ அவை சந்திக்கின்றன. ஒரே நஞ்சுக்கொடி கொண்ட இரட்டையர் ஏறக்குறைய அனைவரிடமும் இத்தகைய இணைப்புகள் உண்டு. ஆகவே ரத்தப் பகிர்வு தன்னளவில் ஒரு நோய் அன்று. இப்பக்கமிருந்து கொஞ்சம், அப்பக்கமிருந்து கொஞ்சம் என்று போக்குவரத்து சமமாக இருக்கும்வரை இருவரும் வளர்ந்து பிறந்துவிடுகிறார்கள். தமனியும் தமனியும் மேற்பரப்பில் நேராக இணைந்திருந்தால் ரத்தம் இரு திசையிலும் பாய முடியும். அது ஒருவகைக் காப்பு. ஆழத்தில் இருக்கும் வேறோர் இணைப்பில்தான் சிக்கல். ஒரு குழந்தையின் தமனி நஞ்சுக்கொடியின் ஒரு மடலுக்குள் இறங்குகிறது. அம்மடலிலிருந்து வெளிவரும் சிரை மற்றக் குழந்தையிடம் போகிறது. அது ஒருவழிப் பாதை. போனது திரும்புவதில்லை. ஜெர்மனியில் ரோஸ்டாக் நகரில் பணியாற்றிய ஃபிரீட்ரிஷ் ஷாட்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 1875இல் இதை விவரித்தார். இரு குழந்தைகளுக்கும் தனித்தனியே உள்ள சுற்றோட்டங்களுக்கு அப்பால் இருவருக்கும் பொதுவான இதனை 'மூன்றாவது சுற்றோட்டம்' என்று அவர் அழைத்தார்.

ஒரே நஞ்சுக்கொடி கொண்ட இரட்டையரில் 100க்கு 10 முதல் 15 கருவுறுதல்களில் இந்தச் சமன் குலைந்துவிடுகிறது. டி.டி.டி.எஸ். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இரட்டையரிடை ரத்தப் பரிமாற்ற நோய் இதுதான். ரத்தத்தை இழக்கும் குழந்தையின் சிறுநீரகங்கள் இருப்பதைக் காத்துக்கொள்ள முற்பட்டுச் சிறுநீரைக் குறைக்கின்றன. கருக்காலத்தின் நடுப்பகுதிக்குப் பின் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே என்பதால் அக்குழந்தையின் பனிக்குடம் வற்றுகிறது. சவ்வு உடலோடு ஒட்டிக்கொள்ள, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஓரமாக வைத்ததைப் போல அது கருப்பையின் சுவரில் அசையாமல் கிடக்கிறது. ரத்தம் மிகுதியாக வந்து சேரும் குழந்தையோ ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது. அதன் பனிக்குடம் ஏரிபோல் பெருகுகிறது. தாயின் வயிறு சில நாட்களிலேயே பல வாரங்களின் வளர்ச்சியைக் காட்டுகிறது. மிகையான ரத்தத்தை இறைத்து இறைத்து அக்குழந்தையின் இதயத் தசை தடிக்கிறது, வால்வுகள் கசிகின்றன, இறுதியில் உடலெங்கும் நீர் கோத்துக்கொள்கிறது. கருக்காலத்தின் நடுவில் இது கடுமையாகத் தோன்றி, சிகிச்சையின்றி விடப்பட்டால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகள் பிழைப்பதில்லை. இழப்பவரும் இறக்கிறார், பெறுபவரும் இறக்கிறார்.

இனி எங்கள் கதை. மதுரையில் 12ஆம் வார ஸ்கேனிலேயே ஒரே நஞ்சுக்கொடி என்று கண்டறிந்து கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். இரு பனிக்குடங்களுக்கு இடையிலான சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் ஆங்கில எழுத்து 'டி' போலத் தெரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று. கிரேக்க எழுத்து 'லாம்டா' போல முக்கோணமாகத் தெரிந்தால் இரண்டு. எங்களுக்குத் தெரிந்தது 'டி'. 16ஆம் வாரம் முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை வந்துவிட வேண்டும் என்றார்கள். சட்டப்படி ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டார்கள் என்பதால் குழந்தைகள் 'ஏ' என்றும் 'பி' என்றும் அழைக்கப்பட்டார்கள். வீட்டிலும் அதுவே பழகிப் போயிற்று. 'ஏ இன்னைக்கு உதைக்குது' என்பது போன்ற வாக்கியங்கள் எங்கள் வீட்டில் புழங்கின.

18ஆம் வார இறுதியில் வயிறு திடீரென்று இறுகிக் கனத்தது. 19ஆம் வார ஸ்கேனில் 'ஏ'யின் பனிக்குடத்தில் நீர் அநேகமாக இல்லை. சிறுநீர்ப்பையும் தெரியவில்லை. 'பி'யைச் சுற்றி வெள்ளம். ரூபன் குயின்டெரோ 1999இல் வகுத்தளித்த 5 படிநிலைகளை வைத்து இந்நோயை அளவிடுகிறார்கள். பனிக்குட நீரில் ஏற்றத்தாழ்வு முதல் படி. இழக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை தென்படாமல் போவது இரண்டாவது. ரத்த ஓட்டத்தின் தாளம் கெடுவது மூன்றாவது. உடலில் நீர் கோப்பது நான்காவது. ஐந்தாவது படி, இருவரில் ஒருவரோ இருவருமோ இறந்துவிடுவது. எங்கள் குழந்தைகள் மூன்றாம் படியில் இருந்தார்கள். அன்றிரவே ரயிலேறிச் சென்னைக்குச் சென்றோம்.

சென்னையில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா ஒரு தாளில் வட்டம் ஒன்றை வரைந்து, அதன் இருபுறமும் இரு பொம்மைகளை வரைந்து, நடுவே கோடுகள் இழுத்தார். 'இது டோனர், இது ரெசிபியன்ட்' என்றார். கொடையாளி, பெறுநர். உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் சொற்கள் இவையே. அப்போது உடன் வந்திருந்தவர், இன்று எங்கள் மகளுக்கு அப்பத்தாவாக இருப்பவர். அவருக்கு அச்சொற்களை நாங்கள் தமிழில் சொன்னோம். அவர் டாக்டரிடம் நேராகவே கேட்டார்:

"எந்தப் பிள்ளைம்மா கொடுக்குது?"

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "யாரும் கொடுக்கலீங்கம்மா. நடுவுல குழாய் இருக்கு. ஓடுது. அவ்வளவுதான்."

அந்தப் பதிலின் பெறுமதி அன்று எங்களுக்குப் புரியவில்லை. அன்று நாங்கள் கேட்டவையெல்லாம் எண்கள்.

எண்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பல்லாண்டுகளாக இதற்கிருந்த சிகிச்சை, பெருகிய பனிக்குட நீரை ஊசி வழியே இறைத்து வெளியேற்றுவது. அதனால் தாயின் மூச்சுத் திணறல் குறையும், குறைப்பிரசவம் தள்ளிப்போகும். ஆனால் குழாய்கள் அப்படியே இருக்கும், நீர் மீண்டும் பெருகும். அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியாவும் அவருடைய சகாக்களும் வேர்வரைக்கும் சென்றார்கள். தாயின் வயிற்றின் வழியே மெல்லிய நோக்குக்கருவியைக் கருப்பைக்குள் செலுத்தி, இரு குழந்தைகளையும் இணைக்கும் நாளங்களை லேசர் ஒளியால் சுட்டு அடைக்கும் முறையை 1990இல் அவர்கள் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் பலர் ஐயுற்றார்கள். 2004இல் மரீ-விக்தோயர் செனா, ஈவ் வில் முதலானோர் ஐரோப்பிய மருத்துவமனைகளை மையமாகக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. 142 தாய்மார் அதில் பங்கேற்றிருந்தார்கள். லேசரின் மேன்மை இடையிலேயே தெளிவாகிவிட்டதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. லேசர் சிகிச்சை பெற்றவர்களில் 76 விழுக்காட்டினருக்கும், நீரிறைப்பு மட்டும் செய்துகொண்டவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் பிறந்து 28 நாட்கள் வரையிலேனும் குறைந்தது ஒரு குழந்தை பிழைத்திருந்தது.

குறைந்தது ஒரு குழந்தை. டாக்டரம்மா இந்தத் தொடரைச் சொன்னபோது எங்கள் இருவரின் காதிலும் '76' மட்டுமே விழுந்தது. இரவு விடுதி அறையில் அந்த உரையாடலைத் திரும்பச் சொல்லிப் பார்த்தபோதுதான் முன்னால் நின்ற சொற்கள் கேட்டன. வெற்றி என்று அறிவியல் எண்ணுகிற இடத்திலும் ஒரு மரணத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். பின்வந்த ஆண்டுகளில் முறைகள் செம்மையடைந்து, தேர்ந்த மையங்களில் இரு குழந்தைகளும் பிழைப்பது கூடியிருப்பதையும் டாக்டரம்மா சொன்னார். எனினும் 'ஏ'யைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரல் ஒரு படி தாழ்ந்தது. 'ஏ'யின் தொப்புள்கொடி நஞ்சுக்கொடியின் விளிம்பில் இணைந்திருந்தது. அதற்குக் கிடைத்திருந்த பங்கு சிறிது. குழாய்களை அடைத்தபின் அந்தப் பங்கை மட்டும் கொண்டு அது வாழ்ந்தாக வேண்டும்.

இங்கே நாங்கள் அறிந்துகொண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழாய்கள் திறந்திருக்கும் நிலையில் ஒரு குழந்தை இறந்துவிட்டால் அதன் நாளங்களில் அழுத்தம் சட்டென்று வீழ்கிறது. உயிரோடிருக்கும் குழந்தையின் ரத்தம், மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் நீரைப் போல, இறந்த குழந்தையின் உடலுக்குள் பாய்ந்துவிடுகிறது. சில நிமிடங்களில் எஞ்சியதும் இறக்கலாம். பிழைத்தாலும் மூளை பாதிக்கப்படலாம். அதாவது, அதுவரை பெற்றுக்கொண்டிருந்தது ஒரே நொடியில் இழப்பதாகிவிடுகிறது. கொடையாளி, பெறுநர் என்ற பெயர்கள் எவ்வளவு தற்காலிகமானவை என்பது அப்போது விளங்கியது. லேசர் சிகிச்சை இருவரையும் காக்கும் முயற்சி. அதில் ஒன்று தவறினாலும் மற்றொன்று அதனோடு போய்விடாதபடி கதவை அடைத்துவைப்பதும் அதுவே. ஒப்புதல் படிவத்தில் நாங்கள் கையெழுத்திட்டது இந்த இரண்டாவது காரணத்தையும் அறிந்தே. இருவரும் வேண்டும் என்று விரும்பிக்கொண்டே ஒருவர் இல்லாமற் போவதற்கான ஏற்பாட்டுக்கும் சம்மதித்தோம்.

சிகிச்சையின்போது தாய்க்கு வயிற்றின் மேற்பகுதி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். விழிப்போடு திரையைப் பார்க்க முடிந்தது. சில மில்லிமீட்டர் பருமனுள்ள குழல் உள்ளே சென்றது. இளஞ்சிவப்பான நஞ்சுக்கொடியின்மேல் நாளங்கள் ஆற்றுப்படுகையைப் போல ஓடின. கருவிலிருக்கும் குழந்தையின் தமனிகளில் உயிர்வளி குறைந்த ரத்தம் ஓடுவதால் அவை கருத்தும், சிரைகள் சிவந்தும் தோன்றும். அந்த நிற வேறுபாட்டைக் கொண்டுதான் எது எவருடையது என்று கண்டறிந்து ஒவ்வொன்றாகச் சுடுகிறார்கள். சுட்ட இடம் வெண்புள்ளியாகிறது. பின்னர் புள்ளிகளை இணைத்து ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஒரு கோடும் இழுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இணைப்புகளும் விட்டுப்போகாமல் இருக்க இப்படிக் கோடிடுவது நல்லது என்று 2014இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று நிறுவியது. அம்முறைக்குச் 'சாலமோன் முறை' என்று பெயர். ஒரு குழந்தைக்காக இரு பெண்கள் வழக்காட, அதை வாளால் இரண்டாகப் பிளக்கச் சொன்ன விவிலிய அரசனின் பெயர். அரசன் பிளக்கச் சொன்னது குழந்தையை. இங்கே பிளக்கப்படுவது நஞ்சுக்கொடி. திரையில் ஒருமுறை 'பி'யின் கை குறுக்கே வந்தது. ஐந்து விரல்களும் தெரிந்தன. டாக்டரம்மா அது விலகும்வரை காத்திருந்தார்.

மறுநாள் ஸ்கேனில் இரு இதயங்களும் துடித்தன. அதற்கடுத்த நாள் ஒன்று மட்டும் துடித்தது.

அதன்பின் 13 வாரங்கள். 'பி'யின் பனிக்குட நீர் வடிந்து சீரானது. இதயம் மெல்ல மெல்லத் தேறியது. சில வாரங்கள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளையில் குறையொன்றும் இல்லை. கதவு அடைபட்டிருந்தது. இறந்த குழந்தையையும் இருக்கும் குழந்தையையும் ஒரே வயிற்றில் சுமப்பதற்கு நம் சடங்குகளில் வழிகாட்டுதல் கிடையாது. ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தலாமா என்ற கேள்வி வந்தபோது உறவினர்கள் இரு கட்சியானார்கள். தீட்டு என்றார்கள் சிலர். தீட்டு பிரசவத்துக்குப் பிறகுதான் என்றார்கள் சிலர். அப்பத்தா யாரையும் கேட்காமல் ஒரு வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி வளையல்களை வாங்கி வந்து வீட்டிலேயே போட்டுவிட்டார். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் செய்திருந்தார். இத்தனை வளையல் என்று எண்ணிப் போடவில்லை. கை கொள்ளுமட்டும் போட்டார்.

33ஆம் வாரத்தில் பிரசவம். உயிரோடு வந்தது பெண். ஒத்த இரட்டையர் என்பதால் அந்தக் கணத்தில்தான் மற்றதும் பெண் என்று அறிந்தோம். அவள் மிகச் சிறியவளாக, ஈரமெல்லாம் வற்றி, தட்டையாகி நஞ்சுக்கொடியோடு வந்தாள். மருத்துவத்தில் இதற்குக் காகிதம் போன்ற கரு என்று பொருள்படும் ஒரு லத்தீன் பெயர் இருக்கிறது. நஞ்சுக்கொடியைப் பார்த்தபோது அவளுக்கிருந்தது ஏறத்தாழக் கால் பங்கு மட்டுமே என்று டாக்டர்கள் சொன்னார்கள். சிறு குழந்தைகளை எரிப்பதில்லை என்ற வழக்கப்படி ஊருக்கு எடுத்துச் சென்று புதைத்தோம். பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான்.

இவ்வளவு நடந்து ஓராண்டுக்குள் அந்தக் குழந்தைகளுக்கு இரண்டு கதைகள் உருவாகிவிட்டன. இக்கட்டுரையை எழுத நேர்ந்ததே அக்கதைகளால்தான்.

முதல் கதை அன்பிலிருந்து பிறந்தது. 'தன் ரத்தத்தையே கொடுத்துக் கூடப்பிறந்தவளைக் காப்பாத்திட்டுப் போயிட்டா' என்று ஓர் அத்தை கண்ணீரோடு சொன்னார். பலரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆச்சரியமில்லை. கொடையைத் தலையாய அறமாகக் கொண்ட மரபு நம்முடையது. கவசத்தையும் குண்டலங்களையும் அறுத்துக் கொடுத்த கர்ணனையும், புறாவுக்காகத் தன் தசையை அரிந்து துலாத்தட்டில் வைத்த சிபியையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ரத்தம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனது என்று கேட்டதுமே அதைத் தியாகமாகப் பார்க்கப் பழகியிருக்கிறது மனம்.

இரண்டாவது கதை முதற்கதையின் மறுபக்கம். பெயர்சூட்டு விழாவில் தூரத்து உறவினர் ஒருவர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளியபடி, 'வயித்துலேயே கூடப்பிறந்தவ ரத்தத்தைக் குடிச்சுட்டு வந்த ராட்சசியாக்கும்' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூடத்தில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள். ஒருத்தி கொடுத்தாள் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றவள் எடுத்தாள் என்பது தானாகவே வந்து சேரும். ஆகவே இரண்டாவது கதையை மறுக்க வேண்டுமென்றால் நமக்கு ஆறுதல் தந்த முதல் கதையையும் கைவிட வேண்டியிருந்தது. அதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. இறந்த மகளுக்கு ஒரு பெருமை இருந்தது. அதையும் நாங்களே பறித்துக்கொள்வதா என்று பல நாள் தயங்கினோம்.

ஆனால் கர்ணன் தான் எதைக் கொடுக்கிறான் என்று அறிந்தவன். கேட்பவன் யார் என்பதும் அவனுக்குத் தெரியும். கொடுக்க மறுக்கும் உரிமையும் அவனுக்கு இருந்தது. அதனால்தான் அது கொடை. 19 வாரக் கருவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. இதயம் துடித்தது, நாளம் போன வழியில் ரத்தம் போயிற்று. அந்த நாளத்தை அப்படி அமைத்தது நஞ்சுக்கொடி உருவான நாட்களின் தற்செயல். தாய் உண்டதாலோ உண்ணாததாலோ, படி ஏறியதாலோ, கிரகணத்தன்று வெளியே போனதாலோ வந்ததன்று. ரத்தம் பெற்றவள் அதனால் செழிக்கவும் இல்லை. அந்த 19ஆம் வார ஸ்கேனில் இதயம் தளர்ந்துகொண்டிருந்தது அவளுக்குத்தான். கொடுத்ததால் ஒருத்தி மற்றவளைக் காத்தாள் என்பது உண்மைக்கு நேர்மாறானது. கொடுப்பதும் பெறுவதும் நின்றபிறகே ஒருத்தி பிழைத்தாள்.

இதை எழுதும்போது நெதர்லாந்து ஓவியம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1617ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வரைந்தவர் பெயர் தெரியாது. துணியில் இறுகச் சுற்றப்பட்ட இரு சிசுக்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. முகச்சாயல் ஒன்றே. ஒன்றின் முகம் வெளிறியிருக்கிறது, மற்றதன் முகம் சிவந்திருக்கிறது. இது இரட்டையரிடை ரத்தப் பரிமாற்றத்தின் சித்திரமாக இருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள். பனிக்குட நீரில் மாற்றம் ஏதும் காட்டாமல், மிக நுண்ணிய நாளங்கள் வழியே சொட்டுச் சொட்டாக ரத்தம் இடம் மாறி, ஒரு குழந்தை வெளிறியும் மற்றது சிவந்தும் பிறக்கும் ஒரு வகை இருப்பதை நெதர்லாந்தின் லெய்டன் நகர மருத்துவர்கள் இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் பிரித்தறிந்து பெயரிட்டார்கள். ஓவியருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அவருக்கு யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்ற கதையும் இல்லை. வெளுப்பை வெளுப்பாகவும் சிவப்பைச் சிவப்பாகவும் வைத்து, இருவரையும் ஒரே அளவில், ஒரே துணியில் வரைந்திருக்கிறார். இணையத்தில் அந்த ஓவியத்தை முதன்முதலில் பார்த்தபோது நாங்கள் இருவரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எங்கள் மகள்களைப் பற்றி யாராவது இந்த மாதிரிச் சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

சிறுமிக்கு நாங்கள் எதையும் மறைக்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்துக்கு அழைத்துப் போகிறோம். ஏழு வயதில் ஒருநாள், யாரிடமோ எதையோ கேட்டுவிட்டு வந்து, "நான் அவகிட்டேர்ந்து எடுத்துக்கிட்டேனா?" என்றாள். எங்களுக்கு முன்னால் அப்பத்தாவே பதில் சொல்லிவிட்டார். "யாரும் கொடுக்கல, யாரும் எடுக்கல. நடுவுல குழாய் இருந்துச்சு தாயி. ஓடுச்சு. அவ்வளவுதான்." டாக்டரம்மா சொன்ன வாக்கியத்தை அவர் அத்தனை ஆண்டுகளும் அப்படியே வைத்திருந்திருக்கிறார். சிறுமி, குழாயை யார் மூடினார்கள் என்று கேட்டாள். டாக்டர் என்றோம். மூடும்போது அவளுக்கு வலித்திருக்குமா என்று கேட்டாள். அந்த நாளங்களில் நரம்புகள் இல்லை, வலித்திருக்காது என்று படித்ததைச் சொன்னோம். சரி என்று போய்விட்டாள்.

இரட்டையரைச் சுமப்பவர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகள் ஒத்த இரட்டையரா என்பதைவிட நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதே முதற்கேள்வி. 11 முதல் 14 வாரங்களுக்குள் அது தெளிவாகத் தெரியும். நாளாக ஆகச் சொல்வது கடினம். ஒன்றுதான் என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். வயிறு திடீரென்று இறுகிப் பெருத்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கலாகாது. லேசர் சிகிச்சை இந்தியாவிலும் கிடைக்கிறது, சென்னையிலும் கிடைக்கிறது. பெரும்பாலான ஒற்றை நஞ்சுக்கொடி இரட்டையர் இந்தத் தொல்லை எதுவுமின்றி ஒன்றாகவே பிறந்து ஒன்றாகவே வளர்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எங்கள் மகள் வளர்ந்தபின் இக்கட்டுரையைப் படிக்கக்கூடும். அவள் பிழைத்ததற்கு யாருக்கும் கடன்பட்டவள் அல்லள். அவளுடைய சகோதரி யாருக்காகவும் இறந்தவளும் அல்லள். தன் பங்குக்குக் கிடைத்த கால் பாக நஞ்சுக்கொடியில் 20 வாரங்கள் வாழ்ந்தவள். அவளைப் பற்றி எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவே. இதற்குமேல் எதையும் சேர்க்காமல் இருவரையும் இங்கே எழுதிவைக்கிறோம்.